பக்கவாத ஆய்வில் வேலை: நரம்பியல் டாக்டர்களுக்கு மட்டுமான துறை அல்ல

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளை ஓர் ஆய்வுக் குழு குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தது. ஓர் அணியில் வழக்கமான கவனிப்பு. மற்றதில், நோயாளி வந்து சேர்ந்த முதல் மூன்று நாளும் மூன்று விஷயங்களை விடாமல் பார்க்க நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்: காய்ச்சல் ஏறுகிறதா, சர்க்கரை ஏறுகிறதா, வாயில் எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா. 90 நாள் கழித்துக் கணக்கெடுத்தார்கள். வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது அடுத்தவர் உதவியில் வாழ்ந்தார்கள். பயிற்சி பெற்ற பிரிவுகளில் அது 42 சதவீதம். புது மருந்து ஏதுமில்லை, புது இயந்திரமும் இல்லை. 2011இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சாண்டி மிடில்டன். நர்ஸிங் பேராசிரியர்.

பக்கவாத ஆராய்ச்சி என்றதும் நரம்பியல் நிபுணரும் ஸ்கேன் படமும்தான் நம் நினைவுக்கு வரும். அதுவும் இந்தத் துறையில் உண்டு. ஆனால் பல ஆயிரம் நோயாளிகளின் நிலையை மாற்றிய கேள்விகளில் பல, வார்டிலும் வீட்டிலும் சமையலறையிலும் எழுந்தவை. அவற்றைக் கேட்க நரம்பியல் பட்டம் வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குக் கடைசி நோயாளி வரை போய் விடை வாங்கும் பொறுமை வேண்டும்.

வேலை நிறையவே கிடக்கிறது. 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச் சுமைக் கணக்கின்படி, அந்த ஒரே ஆண்டில் புதிதாகப் பக்கவாதம் கண்டவர்கள் சுமார் 1 கோடியே 22 லட்சம் பேர். இறந்தவர்கள் 65 லட்சம் பேர். 25 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பக்கவாதம் வரும் என்பது இந்தக் கணக்கை எடுத்தவர்களின் இன்னொரு மதிப்பீடு. எம்.பி.பி.எஸ்., நர்ஸிங், பிசியோதெரபி, புள்ளியியல், சமூகப்பணி என எதைப் படித்திருந்தாலும் இந்தத் துறைக்குள் நுழைய ஒரு வழி இருக்கிறது.

முதலில் களத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய் கோணும், கை விழும், பேச்சு குளறும். சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். இந்த அடிப்படை தெரிந்தால் போதும், மற்றதை வேலையில் கற்றுக்கொள்ளலாம். ஆய்வுகளை நோயாளியின் பயணத்தை வைத்து நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்வது வசதி. எந்தக் கட்டம் உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்.

ஒன்று: நோய் வருவதற்கு முன். 32 நாடுகளில் நடந்த 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு 2016இல் ஒரு முடிவைச் சொன்னது: பக்கவாதத்துக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதம், மாற்றக்கூடிய பத்துக் காரணங்களில் அடங்கிவிடுகிறது. அதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. புகை, மது, சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை, உணவு, வயிற்றுக் கொழுப்பு போன்றவை பின்னால் வருகின்றன.

காரணம் தெரிந்தபிறகு அடுத்த கேள்வி, அதை எப்படி மாற்றுவது என்பது. வட சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மற்றவற்றில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சுமார் ஐந்து ஆண்டு முடிவில், உப்பு மாறிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் வெளியான இந்த ஆய்வு சமையலறை அலமாரியில் நடந்த ஆய்வு. பொதுச் சுகாதாரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுதான் களம். இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இதே வரிசையில் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் அப்படித்தான். பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகிறது. சரி, போன மாத்திரையை எத்தனை பேர் விழுங்குகிறார்கள்? எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது? இவை ஆய்வுக் கேள்விகள்.

இரண்டு: வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை. பெரிய ரத்தக்குழாய் அடைத்துச் சிகிச்சை இல்லாமல் போனால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியால் பலன் உண்டு என்பதை 1995இல் அமெரிக்காவில் 624 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அப்போது கெடு மூன்று மணி நேரம். 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015இல் அடுத்தடுத்து வந்த ஐந்து ஆய்வுகள், குழாய்க்குள் நுழைந்து கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையை நிலைநாட்டின. 2018 வாக்கில், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு அது 24 மணி நேரம் வரை பலன் தரும் என்பதும் தெளிவானது.

ஊசி இருக்கிறது. நோயாளி நேரத்துக்கு வந்து சேர்கிறாரா? 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பவர்கள், ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்விடுபவர்கள், புறா ரத்தம் தேய்க்கப் போகிறவர்கள் என்று நேரம் எங்கே கரைகிறது என்பதை அளந்தால்தான் எந்த ஓட்டையை அடைப்பது என்று தெரியும். 108 ஆம்புலன்ஸ், அவசரப் பிரிவு, மாவட்ட மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில் பணிபுரிபவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆய்வு.

மூன்று: வார்டில். நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிசியோதெரபிஸ்ட் ஜூலி பெர்ன்ஹார்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். மலேசியா, சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகள், 56 பிரிவுகள், 2,104 நோயாளிகள். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். நல்லது என்று எல்லோரும் நினைத்த தீவிரம், பலனைக் குறைத்திருந்தது. 2015இல் வந்த இந்த முடிவு பல நாடுகளின் சிகிச்சை வழிகாட்டுதல்களை மாற்றியது.

நான்கு: வீடு திரும்பிய பின். இந்தியாவுக்கு மிக முக்கியமான கட்டம் இது. பிசியோதெரபி மையம் எல்லா ஊரிலும் இல்லை, கவனிப்பது குடும்பம்தான். அப்படியானால் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்தால் என்ன? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பேராசிரியர் ஜெயராஜ் துரை பாண்டியனும் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் லிண்ட்லியும் தங்கள் குழுவோடு இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் 47 சதவீதம், பெறாத குடும்பங்களிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை. 2017இல் அதை அப்படியே வெளியிட்டார்கள்.

'பலனில்லை' என்பதும் விளைச்சல்தான்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் கடக்க வேண்டிய மனத்தடை இது. ஆய்வு என்றால் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தது வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தால் சீக்கிரம் சோர்ந்துபோவீர்கள்.

குடும்பப் பயிற்சி ஆய்வு நடத்தப்படாமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்க நன்றாக இருக்கும் யோசனை என்பதால் ஏதாவதொரு அரசு அதைத் திட்டமாக அறிவித்திருக்கும். பணமும் ஆளும் அதில் போயிருக்கும். ஏற்கெனவே களைத்த குடும்பத்தின் தலையில் இன்னொரு பாரம் ஏறியிருக்கும். அதைத் தடுத்தது அந்த 47க்கு 47.

அதே பாண்டியன் குழு அங்கே நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியோடு இந்தியப் பக்கவாத மருத்துவ ஆய்வு வலையமைப்பு ஒன்று உருவானது. அதன் 31 மையங்களில் 4,298 நோயாளிகளுடன் 'ஸ்பிரின்ட் இந்தியா' ஆய்வு நடந்தது. முதல் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களுக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, பயிற்சிப் புத்தகம் கொடுத்தால் அடுத்த பக்கவாதமோ மாரடைப்போ குறையுமா என்பது கேள்வி. ஓராண்டில் குறையவில்லை என்பதே விடை. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் புகையையும் குடியையும் விட்டவர்களும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களும் இவற்றைப் பெற்ற பிரிவில் கொஞ்சம் கூடுதலாக இருந்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. அதைவிட நீண்டகாலப் பயன், ஒன்றாகச் சேர்ந்து ஆய்வு நடத்தப் பழகிய 31 மையங்கள். 2024இல் பாண்டியன் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரானார். அவருடைய இரண்டு பெரிய ஆய்வுகளின் முக்கிய முடிவும் 'வித்தியாசம் இல்லை' என்பதே. ஆய்வாளரை எடைபோடும் அளவுகோல் இந்தத் துறையில் எது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நீங்கள் எந்த வாசலில் நுழையலாம்?

எம்.பி.பி.எஸ். மாணவர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., மாணவர்களுக்கான இரண்டு மாதக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு விண்ணப்பிக்கலாம். கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பக்கவாத நோயாளிகள் எவ்வளவு தாமதமாக வருகிறார்கள், ஏன்?' என்பது இரண்டு மாதத்துக்குச் சரியான அளவு.

டாக்டர்: நரம்பியலில் டி.எம். முடித்தால் ஊசி, குழாய் சிகிச்சை ஆய்வுகளின் வாசல் திறக்கும். சமூக மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களுக்குப் பதிவேடுகளும் தடுப்புத் திட்டங்களும். பொது மருத்துவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. நரம்பியல் நிபுணர் இல்லாத மாவட்டங்களில் பக்கவாதப் பிரிவை அவர்கள்தான் நடத்தியாக வேண்டும்.

நர்ஸ்: மிடில்டன் காட்டிய வழி உங்களுடையது. விழுங்கும் சோதனை, படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய்த் தொற்று, டிஸ்சார்ஜ் அறிவுரை ஆகியவற்றை உங்களைவிட அருகிலிருந்து பார்ப்பவர் யாருமில்லை. பெரிய ஆய்வுகளில் ஆய்வு நர்ஸ், ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பதவிகளுக்கு நர்ஸிங் படித்தவர்களை விரும்பி எடுக்கிறார்கள்.

பிசியோதெரபி, தொழில்வழி சிகிச்சை, பேச்சுப் பயிற்சி படித்தவர்கள்: மறுவாழ்வு ஆய்வில் நோயாளியின் நிலையை மதிப்பிடும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுக்கே வரும். எந்தச் சிகிச்சை யாருக்குப் போனது என்று தெரியாமல் மதிப்பிடும் 'மறைக்கப்பட்ட மதிப்பீட்டாளர்' என்ற பதவியே இருக்கிறது.

புள்ளியியல், கணினி படித்தவர்கள்: எத்தனை நோயாளிகள் தேவை என்று ஆய்வு தொடங்கும் முன் சொல்வது முதல், முடிவில் கணக்குப் போடுவது வரை உங்கள் வேலை. எல்லாக் குழுவிலும் தட்டுப்பாடு உங்களுக்குத்தான்.

சமூகப்பணி, உளவியல், பொருளியல் படித்தவர்கள்: வீட்டில் கவனிப்பவரின் சுமை, பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, ஒரு குடும்பம் கைக்காசிலிருந்து செய்யும் செலவு ஆகியவற்றை அளப்பது தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

எங்கே படிப்பது, எங்கே வேலை?

சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்திலிருந்து தொடங்குங்கள். பெயரில் தொற்று இருந்தாலும் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியை ஒருங்கிணைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு அங்கே இருக்கிறது. அதைவிட எளிதான வாசல், அந்த நிறுவனம் என்.பி.டெல். தளத்தில் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' இணையவழிப் பாடம். சேர்ந்து பாடம் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். எந்தப் படிப்பு படித்தவரும் சேரலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பியல் துறையும், அச்சுத மேனன் சுகாதார ஆய்வு மையமும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. பக்கவாதத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு இது பொருத்தமான இடம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உயிர்ப் புள்ளியியலுக்கும் தொற்றுநோயியலுக்கும் நல்ல மரபு இருக்கிறது. எந்தப் பட்டதாரிகளைச் சேர்ப்பார்கள் என்ற விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

பதிவேட்டு வேலைக்குப் பெங்களூருவிலிருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்த் தகவல் மற்றும் ஆராய்ச்சி மையத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். இந்த மையம் ஒருங்கிணைக்கும் மக்கள்தொகை அடிப்படையிலான பக்கவாதப் பதிவேடு கச்சார், கட்டாக், கோட்டா, வாராணசி, திருநெல்வேலி ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராமலே இறந்தவர்கள் கணக்கில் விடுபடுவார்கள். அதனால்தான் மருத்துவமனை, ஸ்கேன் மையம், இறப்புப் பதிவு என எல்லா இடத்திலும் தேடி, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல் பார்த்து, ஒரு வட்டாரத்தின் முழுக் கணக்கை எடுக்கிறார்கள். நெல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது வீட்டு வாசலில் உள்ள வாய்ப்பு.

முனைவர் பட்டத்துக்கும் அதற்குப் பிறகும் நிதி தேடுவோர் ஐ.சி.எம்.ஆர். உதவித்தொகைகளையும், டி.பி.டி. – வெல்கம் டிரஸ்ட் இந்தியா அலையன்ஸின் மருத்துவ, பொதுச் சுகாதார ஆய்வு நிதியையும் கவனியுங்கள்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்?

ஆய்வு ஒருங்கிணைப்பாளரின் காலை அவசரப் பிரிவுப் பதிவேட்டிலிருந்து தொடங்கும். நேற்றிரவு யார் யார் வந்தார்கள், ஆய்வுக்கு யார் பொருந்துவார்கள், பொருந்தாதவர்கள் ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். விலக்கப்பட்டவர்களின் கணக்கும் கட்டுரையில் வரும்.

அடுத்தது ஒப்புதல். இது இந்த நோயில் தனிச் சிக்கல். பலருக்குப் பேச்சு போயிருக்கும், சிலருக்கு நினைவும் தெளிவாக இருக்காது. சட்டப்படி நோயாளிக்காக ஒப்புதல் தரக்கூடிய உறவினரிடம் பேச வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். 'இதில் சேராவிட்டாலும் அப்பாவுக்கு வைத்தியம் குறையாது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்பதைப் பதறிக்கொண்டு நிற்கும் மகனுக்குப் புரியும்படி சொல்லத் தெரிய வேண்டும். படிவத்தை வேகமாக வாசித்துக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

மதியம் தொலைபேசி. மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு கடந்தவர்களைக் கூப்பிட்டு நிலை கேட்பது. இதற்கு உலகமெங்கும் பயன்படும் அளவுகோல் ரேங்கின் அளவுகோல். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். எண்ணைக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. வாழ்க்கையைக் கேட்க வேண்டும்:

"அம்மா, அப்பா இப்ப தானா எழுந்து பாத்ரூம் போறாரா, யாராவது பிடிச்சுக்கணுமா?"

"கடைக்குத் தனியா போயிட்டு வர்றாரா? பஸ்ஸுல ஏறுறாரா?"

"முன்ன பார்த்த வேலையை இப்பவும் பார்க்கிறாரா?"

இந்த மூன்று பதிலிலேயே அளவுகோலின் பாதி வந்துவிடும். சில நேரம் மறுமுனையில் "அவரு போயிட்டாருப்பா" என்பார்கள். அப்போது உடனே தேதி கேட்காமல் இரண்டு நிமிடம் பேசத் தெரிந்தவர்தான் நல்ல ஒருங்கிணைப்பாளர். தேதியும் காரணமும் எப்படியும் வேண்டும்; ஆனால் கேட்கும் முறை இருக்கிறது.

மாலையில் தரவு. காலியாக விட்ட கட்டங்கள், முரண்பட்ட தேதிகள், மையத்திலிருந்து வந்த கேள்விகள். சலிப்பான வேலைதான். ஆனால் ஆய்வு நிற்பதும் விழுவதும் இங்கேதான். நோயாளிகளில் கால்வாசிப் பேரின் முடிவு தெரியாமல் போனால் மீதி முக்கால்வாசியின் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டிய ஆறு

1. மேலே சொன்ன இணையவழிப் பாடத்தை முடியுங்கள். ஆய்வு வகைகள், மாதிரி அளவு, பிழை, நெறிமுறை ஆகியவற்றின் அரிச்சுவடி அதில் இருக்கிறது.

2. இரண்டு அளவுகோல்களில் பயிற்சிச் சான்றிதழ் பெறுங்கள்: ரேங்கின் அளவுகோல், 0 முதல் 42 வரை பக்கவாதத் தீவிரத்தை அளக்கும் என்.ஐ.எச். அளவுகோல். வீடியோ பார்த்து மதிப்பெண் போடும் பயிற்சிகள் இணையத்தில் உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

3. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைச் சான்றிதழ் எடுங்கள். ஜி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இது இல்லாமல் மருந்து ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள்.

4. ஒரு மென்பொருளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஆர்' மென்பொருளும் 'எபி இன்ஃபோ'வும் இலவசம். தரவு சேகரிக்க 'ரெட்கேப்' பல நிறுவனங்களில் புழங்குகிறது. நான்கை அரைகுறையாகத் தெரிந்துவைப்பதைவிட ஒன்றை முழுதாகத் தெரிந்துவைப்பது மேல்.

5. நீங்கள் இருக்கும் மருத்துவமனையில், அனுமதி பெற்று, ஒரு சிறு தணிக்கை செய்யுங்கள். ஒவ்வொரு பக்கவாத நோயாளிக்கும் நான்கு நேரங்களை எழுதினால் போதும்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், மருத்துவமனை வாசலுக்கு வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம். சில மாதத்தில் தாமதம் எங்கே என்று தெரிந்துவிடும். வாசலிலா, ஸ்கேன் அறையிலா, கையெழுத்துக்குக் காத்திருந்ததிலா? அதைத் துறைத் தலைவரிடம் ஒரே ஒரு வரைபடமாகக் காட்டுங்கள்.

6. வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். முடிவுரையிலிருந்து தொடங்காமல், முறைப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். யாரைச் சேர்த்தார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், யார் மதிப்பிட்டார்கள் என்ற மூன்றையும் தேடிப் பிடியுங்கள்.

சறுக்கும் இடங்கள்

*கேள்வி பெரிதாக இருப்பது.* 'தமிழ்நாட்டில் பக்கவாதம்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. யாரிடம், எதை, எப்போது, எதனோடு ஒப்பிட்டு அளக்கப்போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால்தான் அது கேள்வி.

*நேரத்தைத் தவறாக எழுதுவது.* காலை ஆறு மணிக்கு எழுந்தபோது கை வரவில்லை என்றால், ஆறு மணி தொடங்கிய நேரம் இல்லை. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் கணக்கு பத்திலிருந்துதான். இந்த ஒரு தவறு சிகிச்சையையும் கெடுக்கும், ஆய்வையும் கெடுக்கும்.

*பதிவை மறப்பது.* எந்த மருத்துவச் சோதனை ஆய்வையும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிய வேண்டும். 2007 முதல் இந்தப் பதிவகம் இயங்குகிறது. பிறகு பதிந்த ஆய்வை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை.

*காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள்.* 'ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்' என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அங்கே வந்த கட்டுரை உங்கள் தகுதிப் பட்டியலில் பாரமாகத்தான் இருக்கும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

ஆய்வுத் திட்டப் பணிகளில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் பதவியும் முடியும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அதனால் நேர்காணலில் உங்களிடம் கேள்வி கேட்டு முடித்தபின் நீங்களும் கேளுங்கள். திட்டத்துக்கு இன்னும் எத்தனை மாத நிதி இருக்கிறது? வீடு தேடிப் போகும் பயணச் செலவு யார் பொறுப்பு? என்ன பயிற்சிகள் தருவீர்கள்? வேலை செய்தவர்களின் பெயர் கட்டுரையில் ஆசிரியராக வருமா, நன்றியில் மட்டும் வருமா? தலைமை ஆய்வாளரை வாரம் ஒருமுறையாவது பார்க்க முடியுமா? கடைசிக் கேள்வி முக்கியம். சம்பளம் சற்றுக் குறைந்தாலும், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் தலைமை ஆய்வாளரிடம் சேருவது நல்லது. அடுத்த வேலையை வாங்கித் தருவது அவருடைய பரிந்துரையும், அவரிடம் கற்ற வேலையும்தான்.

ஒரு திட்டத்தில் இருந்துகொண்டே அடுத்ததைத் தேடுவதும் தப்பில்லை. இரண்டு மூன்று ஆய்வுகளில் முழுச் சுற்றுப் பார்த்தவர்களுக்கு, அதாவது நெறிமுறைக் குழு அனுமதியிலிருந்து கட்டுரை வெளியாகும் வரை கூடவே இருந்தவர்களுக்கு, மருந்து நிறுவனங்கள், அரசுத் திட்டங்கள், வெளிநாட்டு முனைவர் பட்டப் படிப்பு என்று எல்லாப் பக்கமும் வழி இருக்கிறது.

தொடங்குவது எப்போது?

பக்கவாதத்தில் நமக்குத் தெரிந்த பெரும்பாலானவை வேறு நாட்டு மருத்துவமனைகளில், வேறு உணவும் வேறு வீடுகளும் கொண்ட மக்களிடம் எடுத்த விடைகள். நம் ஊரில் மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் யாரைக் கூப்பிடுகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் மருமகளின் முதுகுவலியை யார் கணக்கெடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு இங்கிருப்பவர்கள்தான் விடை தேட வேண்டும். நரம்பியல் நிபுணர்களை மட்டும் நம்பியிருந்தால் அது நடக்காது. அவர்களுக்கு நோயாளிகளைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

ஆகவே இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். என்.பி.டெல். தளத்தில் அடுத்த பாடம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துப் பெயர் கொடுங்கள். பிறகு நீங்கள் படிக்கும் அல்லது பணிபுரியும் இடத்தில் பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கும் ஒருவரிடம் போய், 'உங்களுக்கு விடை தெரியாமல் உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி எது?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஆய்வுக்கான தலைப்பு அதில் கிடைத்துவிடும்.